தனக்கோடியின் இரண்டு விரல்கள்

தனக்கோடியைப் பற்றி எங்கள் ஃபேக்டரியில் யாரைக் கேட்டாலும் "நல்ல மனுஷன்" என்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். ஒருவனை நல்லவன் என்று சொல்லிவிட்டால், அப்புறம் அவன் தலையில் எதை வேண்டுமானாலும் கட்டிவிடலாம். கட்டினோம். முதல் ஆளாகக் கட்டியவன் நான்.

என் பெயர் ஹெர்பர்ட். வீடு பெங்களூர் ஆஸ்டின் டவுனில். பொம்மசந்திராவில் ஒரு சின்ன பிரஸ் ஷாப்பில் சூப்பர்வைசராகப் பத்தொன்பது வருஷம் ஓட்டிவிட்டேன். இரும்புத் தகட்டை பவர் பிரஸ்ஸில் வைத்து அடித்து, வண்டிகளுக்கு வேண்டிய பிராக்கெட்டுகள் செய்து அனுப்புகிறோம். தனக்கோடி மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில் ஆபரேட்டர். அரூருக்கு மேலே மலையில், மேல்சூரங்காடு என்ற ஊர். பஸ் கிடையாது, அடிவாரத்திலிருந்து மூன்று மணி நேரம் ஏற வேண்டும். சேர்ந்த புதிதில், "நாங்க மலையாளிங்க சார்" என்றான். பக்கத்து மிஷின் மஞ்சுநாத் உடனே அவனிடம் கேரளாவில் எந்த ஜில்லா என்று விசாரித்தான். மலையில் இருப்பதால் அவர்கள் ஜாதிக்கே அதுதான் பெயர் என்று புரியவைப்பதற்குள் டீ டைம் முடிந்துவிட்டது.

அவனை வைத்து வேலை வாங்குவது லேசான காரியமில்லை. வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் வருஷத்துக்கு மூன்று தடவை மலைக்குப் போவான். லீவு கொடுத்தாலும் போவான், கொடுக்காவிட்டாலும் போவான். விதைப்புக்கு ஒன்று, கரியராமர் சாமி கும்பிட ஒன்று, அறுப்புக்கு ஒன்று. சாமி கும்பிடுவதற்கு முந்தின ஒரு மாதம் செருப்பு போடமாட்டான். இரும்புச் சிராய் கொட்டிக்கிடக்கும் ஷாப்பில் வெறுங்காலோடு நிற்பான். சேஃப்டி ஷூ போடாவிட்டால் வெளியே போ என்று கத்தியிருக்கிறேன். தலையை ஆட்டிவிட்டு நிற்பான். அந்த மாதம் ஹெப்பகோடி ரூமில் தனிச் சட்டியில் தானே களி கிண்டித் தின்பான். கூட இருக்கும் மலைக்காரர்கள் யாரும் அந்தச் சட்டியைத் தொடக்கூடாது.

காரணம், அவன் அப்பா அந்த ஊர்ப் பூசாரி. அப்பாவுக்குப் பிறகு அவன். மற்ற மலைகளில் எப்படியோ எனக்குத் தெரியாது. மேல்சூரங்காட்டில் பூசாரியின் வேலை மணி ஆட்டுவதல்ல. சித்திரையில் முதல் மழைக்கு முன்னால், சாமி வீட்டில் இருக்கும் மூங்கில் கூடையிலிருந்து சாமையை இரண்டு கையாலும் அள்ளி வீட்டுக்கு வீடு அவன் கொடுக்க வேண்டும். அதைத் தங்கள் விதையோடு கலந்தால்தான் யாரும் விதைக்கக் கொல்லைக்காட்டில் இறங்குவார்கள். அது வராத வீடு அந்த வருஷம் விதைக்காது. அறுபத்திரண்டு வீடுகள் அந்த இரண்டு கையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அப்பாவுக்குக் கண் போய்விட்டது. இந்தச் சித்திரையில் மகனுக்குக் கூடையை மாற்றிக் கொடுப்பது என்று ஊரில் பேசி முடித்திருந்தார்கள். தனக்கோடி வாயாடி இல்லை. ஆனாலும் தை மாதத்திலிருந்தே அவன் முகத்தில் ஒரு பூரிப்பு இருந்தது. "வர்ற வருசம் எனக்குப் பதினஞ்சு நாள் லீவு வேணும் சார், இப்பவே சொல்லிட்டேன்" என்று ஒரு நாள் கேலியாகக்கூடச் சொன்னான். அவன் கேலி செய்து நான் கேட்டது அது ஒன்றுதான்.

மாசியில் அவசர ஆர்டர் ஒன்று வந்தது.

பவர் பிரஸ்ஸில் இரண்டு விதமாக வேலை பார்க்கலாம். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும் என்பது ஒன்று. அதில் கை மாட்ட வழியே இல்லை. கால் பெடலை மிதித்தால் இறங்கும் என்பது இன்னொன்று. அதில் கை சும்மா இருப்பதால் தகட்டைச் சீக்கிரம் சீக்கிரம் மாற்றலாம், எண்ணிக்கை கூடும், கையும் போகலாம். எதில் ஓட வேண்டும் என்பதை ஒரு சாவி முடிவு செய்யும். அந்தச் சாவி சூப்பர்வைசரிடம் இருக்கும்.

"ஹெர்பர்ட், சாயங்காலத்துக்குள்ள லோடு ஏறணும். எப்படிப் பண்ணுவேளோ, எனக்குத் தெரியாது" என்றார் முதலாளி சீனிவாசராகவன். முதலாளிகளுக்கு எப்போதுமே தெரியாது. நான் போய் மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில் சாவியைப் பெடலுக்குத் திருப்பினேன். தனக்கோடி பார்த்துக்கொண்டிருந்தான். மஞ்சுநாத்தும் பார்த்தான்.

பதினொன்றரை மணிக்குச் சத்தம் கேட்டது. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நடுக் கணுவோடு போயிருந்தன. தனக்கோடி இடது கையால் பிரஸ்ஸின் அச்சிலிருந்து அந்த இரண்டு துண்டையும் எடுத்தான். கை துடைக்க வைத்திருக்கும் பனியன் வேஸ்ட் துணியில் சுற்றினான். பேக்கிங்கில் இருந்த அவன் மச்சான் சடையனைக் கூப்பிட்டுக் கொடுத்து, காதில் ஏதோ சொன்னான். நான் வண்டி எடுக்க ஓடினேன். சடையன் பஸ் ஸ்டாப்புக்கு ஓடினான். அவன் ஏன் ஓடினான் என்று அப்போது நான் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கையைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "விரல் எங்கே?" என்றுதான். ஐஸில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் கொண்டுவந்தால் ஒட்டவைத்துப் பார்க்கலாம் என்றார். நான் தனக்கோடியைப் பார்த்தேன்.

"ஊருக்கு அனுப்பிச்சிட்டேன் சார். சடையன் எடுத்துட்டுப் போறான்."

"ஊருக்கா? எதுக்குடா?"

"மண்ணுல வைக்க."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "முட்டாள்! இப்பதான் அத்திப்பள்ளி தாண்டியிருப்பான். போன் போடு, திரும்பி வரச் சொல்லு" என்று கத்தினேன். ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் கத்தினேன். அவன் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"நிச்சயமா ஒட்டிக்குமா அய்யா?"

டாக்டர் நேர்மையானவர். "நிச்சயமா சொல்ல முடியாதுப்பா. நசுங்கியிருக்கும். பாதிக்குப் பாதி."

"ஒட்டலைன்னா அத என்ன பண்ணுவீங்க?"

"ஆஸ்பத்திரிக் கழிவோட போயிடும்."

"அப்ப வேணாங்க" என்று கண்ணை மூடிக்கொண்டான்.

இரண்டு நாள் கழித்து, வலி கொஞ்சம் அடங்கியபோது எனக்கு விளக்கினான். பூசாரி உடம்பிலிருந்து பிரிந்த சதை வெளி மண்ணில் கிடந்தால் அவன் சாமிக் கூடையைத் தொடவே முடியாது. அதற்கு மேல் பேச்சே இல்லை. சதை ஊர் மண்ணுக்கு வந்து சேர்ந்துவிட்டால் ஊர் கூடிப் பேசும். மிருகம் கடித்தோ, மரம் விழுந்தோ, இன்னொருத்தன் தப்பாலோ போயிருந்தால் சாமிக்குக் குறை இல்லை, எட்டு விரலால் அள்ளினாலும் ஏற்றுக்கொள்ளும். அவனுடைய கவனக்குறைவால் போயிருந்தால் மட்டும் கூடை கிடையாது. தன் கையைக் காக்கத் தெரியாதவன் ஊர் விதையை எப்படிக் காப்பான் என்பது அவர்கள் கேள்வி. பாதிக்குப் பாதி என்று டாக்டர் சொன்னதும் அவன் கணக்குப் போட்டுவிட்டான். விரல் ஆஸ்பத்திரிக் குப்பைக்குப் போனால் எல்லாம் போச்சு. மண்ணுக்குப் போனால் விரல் மட்டும்தான் போகும். நான் முட்டாள் என்றேனே, அவன் இடத்தில் நின்று பார்த்தால் அது சரியான கணக்கு.

"நீங்க ஊருக்கு வந்து ஒரு வார்த்த சொன்னாப் போதும் சார்" என்றான். "பெடல்ல போட்டது நீங்கதானே. வேற யாரு சொன்னாலும் கூடப்பொறந்தவன் சொல்றான், மச்சான் சொல்றான்னு நெனைப்பாங்க. நீங்க வெளியாளு."

அவன் குரலில் கோபம் இல்லை. என்னைக் குற்றம் சாட்டுகிறோம் என்றே அவனுக்குத் தோன்றவில்லை. மழை பெய்தது என்று சொல்வது போலச் சொன்னான். வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுக்கும்போது உண்மையாகத்தான் கொடுத்தேன்.

சித்திரையில் கிளம்புவதற்கு முந்தின நாள் சீனிவாசராகவன் கூப்பிட்டார். மேஜைமேல் ஒரு பேப்பர் இருந்தது. பாதுகாப்புச் சாவியைத் தொழிலாளியே, யாருக்கும் சொல்லாமல், சூப்பர்வைசர் மேஜையிலிருந்து எடுத்துப் பெடலுக்கு மாற்றிக்கொண்டான் என்று டைப் செய்திருந்தது. அடுத்த வாரம் ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் விசாரணை.

"அவன் கையெழுத்து வாங்கிண்டு வந்துடுங்கோ. இல்லேன்னா சாவி யார்கிட்ட இருந்துதுன்னு கேப்பா. கேஸ் உங்க பேர்லதான் வரும், ஹெர்பர்ட். நான் உங்களுக்காகத்தான் சொல்றேன்."

என் மகள் ஸ்னேஹாவுக்கு அந்த மாதம்தான் கல்யாணம் நிச்சயம் பண்ணியிருந்தோம். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. சொன்னாலும் சாக்குதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை மேல்சூரங்காடு போய்ச் சேர்ந்தேன். ஊர் எல்லையில் எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள், நானும் கழற்றினேன். சாமி வீடு என்பது விழல் வேய்ந்த ஒரு கூரை வீடு, முன்னால் சாணி மெழுகிய வாசல். ஊரே உட்கார்ந்திருந்தது. அதில் சடையனும், பொம்மசந்திராவில் வேலை செய்யும் இன்னும் ஆறு பேரும் இருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. இங்கே நான் என்ன சொன்னாலும் திங்கட்கிழமை அது ஷாப்பில் இருக்கும், அங்கிருந்து இன்ஸ்பெக்டர் காதுக்குப் போகும்.

தனக்கோடியின் அப்பா கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தனக்கோடி குளித்து ஈர வேட்டியோடு நின்றான். எனக்குக் களி போட்டார்கள். துரைக்கு உறைக்கும் என்று காரம் குறைத்து அவரைக் குழம்பு வைத்திருந்தார்கள். தின்றேன்.

பிறகு ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் எழுந்து வந்தார். என் இரண்டு கையையும் சேர்த்துப் பிடிக்கச் சொன்னார். கூடையிலிருந்து ஒரு பிடி சாமை எடுத்து அதில் கொட்டினார்.

"அய்யா, எங்க ஊருல இதக் கையில வச்சிக்கிட்டு ஒரு வார்த்ததான். ரெண்டாவது வார்த்த கெடையாது. நீங்க அங்க பெரியவரு, கண்ணால பாத்தவரு. இவன் வெரலு போனது இவன் தப்பா, வேற ஆளு தப்பா?"

தனக்கோடி என்னைப் பார்த்தான். பதில் தெரிந்த கேள்வியை வாத்தியார் கேட்கும்போது பிள்ளைகள் பார்ப்பது போலப் பார்த்தான். இது என் சாமி இல்லை, இது வெறும் சாமை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக நான் மாதா கோயிலுக்குக்கூடப் போகவில்லை என்று, சம்பந்தமே இல்லாமல், ஞாபகம் வந்தது.

"அவசரத்துல அவனே சாவிய மாத்திட்டான்" என்றேன்.

கிழவர் முகத்தை என் குரல் வந்த பக்கம் திருப்பினார். ஊர்க்கவுண்டர் என் கையிலிருந்த சாமையை ஒன்று விடாமல் திரும்பக் கூடையில் போட்டார். தனக்கோடியின் சித்தப்பா மகன் ஒருவனைக் கூப்பிட்டார்கள். அவன் அங்கேயே குளித்துவிட்டு வந்தான். தனக்கோடியின் அப்பா தடவித் தடவிக் கூடையைத் தூக்கி அவன் தலையில் வைத்தார். தனக்கோடி வரிசையில் கடைசியாகப் போய் நின்று, துண்டை விரித்து, மற்றவர்களைப் போல அவனும் சாமை வாங்கிக்கொண்டான்.

என்னை இறக்கிவிட அவனே கூட வந்தான். வேறு யாராவது வரட்டும் என்றேன், கேட்கவில்லை. வழியெல்லாம் முள்ளை ஒதுக்கி எனக்குப் பாதை விட்டான். பாதி மலையில், ஓடைக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னான்.

"சார், ஒண்ணு கேக்கணும்."

கேட்கட்டும், அடிக்கட்டும், பாறையில் வைத்துத் தலையை நசுக்கட்டும் என்று இருந்தேன்.

"நான் அந்தச் சாவியத் தொட்டதே எனக்கு நெனவு இல்ல சார். நீங்க திருப்புன மாதிரியேதான் கண்ணுல நிக்குது. ஆனா சாமையக் கையில வச்சிக்கிட்டு யாரும் பொய் சொல்ல முடியாது." புண் ஆறிய அந்தக் கையைத் தானே திருப்பித் திருப்பிப் பார்த்தான். "வலியில எனக்குத்தான் புத்தி மாறிப்போச்சு போல. இத்தினி நாளு உங்க மேல பழி போட்டுட்டு இருந்திருக்கேன். மன்னிச்சிடுங்க சார்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அங்கே யாரும் இல்லை. பையிலிருந்த பேப்பரை எடுத்து நீட்டினேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டான், படித்துக் காட்டினேன். "அதான நடந்தது" என்று சொல்லி, மிச்ச விரல்களால் பேனாவைப் பிடித்துக் கையெழுத்துப் போட்டான்.

கேஸ் வரவில்லை. நான் சாவி திருப்பியதைப் பார்த்த மஞ்சுநாத்திடம் யாரும் கேட்கவில்லை, தன் வேலையை நினைத்து அவனாகவும் சொல்லவில்லை. பிரஸ் ஓட்ட முடியாத கை என்பதால் தனக்கோடியை ஷாப் பெருக்கவும் கேட் பார்க்கவும் வைத்துக்கொண்டோம். இப்போது வருஷம் முழுவதும் செருப்பு போடுகிறான். மலைக்கு அதிகம் போவதில்லை. சீனிவாசராகவனுக்குப் போன வருஷம் ஒரு யோசனை வந்தது: புதிதாகச் சேரும் பையன்களுக்குத் தனக்கோடியே பாதுகாப்புப் பாடம் எடுக்கட்டும், கண்ணால் பார்த்தால்தான் புத்தி வரும் என்று.

மாதம் ஒரு தடவை அது நடக்கிறது. மூன்றாம் நம்பர் பிரஸ்ஸுக்கு முன்னால் நின்று வலது கையைத் தூக்கிக் காட்டுகிறான். "யாரும் சாவியத் தொடாதீங்கப்பா. நான் அவசரப்பட்டு மாத்தினேன், இப்பிடிப் போச்சு. என் தப்புதான், வேற யாரு தப்பும் இல்ல" என்கிறான். பையன்கள் சந்தேகமாகப் பார்த்தால் என் பக்கம் கை காட்டுகிறான்.

"அங்க நிக்கறாரு பாரு ஹெர்பர்ட் சார், அவரு கண்ணால பாத்தவரு. கேட்டுக்கோங்க."

பையன்கள் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள். நான் ஆமாம் என்று தலையை ஆட்டுகிறேன்.