செல்லையாவின் நம்பரிலிருந்து வந்த அழைப்புகள்

வங்கி வேலையில் நான் பயந்த நாட்கள் சில உண்டு. பண்ணைக்காடு கிளையில் உதவி மேலாளராக இருந்தபோது நடந்த இந்த ஒன்றைத்தான் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

1. முதல் போன்

மேனேஜர் மீட்டிங்குக்குத் திண்டுக்கல் போயிருந்தார். கிளையில் நானும் கேஷியர் பாண்டியும்தான். காலையிலிருந்தே மழை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே பஸ் நிற்பதுகூடத் தெரியாத அளவுக்கு மூட்டம். கரண்ட் போய் யூபிஎஸ்ஸில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

லேண்ட்லைன் அடித்தது. வெளிநாட்டு நம்பர்.

"மேடம், நான் செல்லையா பேசுறேன். காப்பி, மொளகு யாவாரம் பண்ற செல்லையா. கொழும்புல நிக்கிறேன். போனப் பறிச்சிட்டு ஓடிட்டானுங்க மேடம். கார்டும் அந்த ஒறைக்குள்ளதான் கெடக்கு. சுணங்காம நிப்பாட்டுங்க."

செல்லையா எங்கள் வாடிக்கையாளர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு சின்ன வயதில் இந்தப் பக்கம் வந்து, பண்ணைக்காட்டில் காலூன்றியவர். அங்கேயே தங்கிவிட்ட அக்காவைப் பார்க்க அட்டனுக்குப் போகிறார் என்று தெரியும். கார்டை வெளிநாட்டில் பயன்படுத்த வழி செய்து கொடுத்ததே நான்தான். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று கிளை நம்பரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்ததும் நான்தான். பின்னால்தான் முழுதும் தெரிந்தது: கொழும்பில் பஸ் ஏற நின்றபோது, அக்கா மகனிடம் வழி கேட்டுப் பேசிக்கொண்டிருந்த போனைக் காதிலிருந்தே பறித்துக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். திறந்திருந்த போன். லாக்கை உடைக்கும் வேலைகூட அவர்களுக்கு இல்லை.

"இது யாரு நம்பருங்க?"

"பக்கத்துக் கடைக்காரரு குடுத்தாரு மேடம். ரொம்ப நேரம் பேச ஏலாது."

லைன் கரகரத்தது. பாதி மூச்சாகத்தான் கேட்டது. கணக்கைத் திறந்து பார்த்தேன். அப்போதே இரண்டு என்ட்ரி விழுந்திருந்தது. இரண்டும் கொழும்புக் கடைகள். கார்டை பிளாக் செய்யுமுன் அவர்தானா என்று உறுதி செய்துகொள்ள இரண்டு கேள்வி கேட்பதற்குள் போன் கட்டாகிவிட்டது.

2. விதிப்படி ஒரு கால்

மேனேஜரைக் கூப்பிட்டேன். அவர் மீட்டிங் ஹாலுக்கு வெளியே வந்து தணிந்த குரலில் பேசினார்.

"ஏதோ ஒரு நம்பர்ல இருந்து யாரோ சொன்னா உடனே நிறுத்திருவீங்களா? நாளைக்கி ஆள் வந்து நான் சொல்லவே இல்லைன்னா? ரிஜிஸ்டர்டு நம்பருக்குப் போட்டு கன்ஃபர்ம் பண்ணிட்டுச் செய்ங்க."

அப்போது எங்களுக்கு இருந்த நடைமுறை அதுதான். பதிவு செய்த நம்பருக்குத் திருப்பிக் கூப்பிட்டு, பெயரும் பிறந்த தேதியும் கேட்க வேண்டும். போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள்.

"சொல்லுங்க மேடம்."

நான் யாரென்று சொல்வதற்கு முன்பே 'மேடம்'. கிளையின் நம்பரைச் செல்லையா 'பேங்க் மேடம்' என்று போனில் பதிந்து வைத்திருப்பார் என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

"செல்லையாங்களா? உங்க போன் தொலைஞ்சதா ஒருத்தர் சொன்னாரு."

"தொலைஞ்சதா? போன் என்கிட்டதானே இருக்கு. அதுலதானே பேசுறேன்? யாரோ உங்கள ஏமாத்துறான்."

பிறந்த தேதி கேட்டேன். கொஞ்சம் தாமதம். பிறகு சரியாகச் சொன்னான். ஆதாரை எல்லோரும் போட்டோ எடுத்துப் போனில்தான் வைத்திருக்கிறோம்.

"மேடம், நான் ஆஸ்பத்திரில பணம் கட்ட நிக்கிறேன். அக்காவுக்கு நெஞ்சுவலி. இப்பக் கார்ட நிறுத்தினீங்கன்னா அந்த உயிருக்கு நீங்கதான் பொறுப்பு."

இரண்டு செல்லையா. ஒருவர் யாரோ ஒருவருடைய போனில் மூச்சிரைக்கிறார். இன்னொருவர் சொந்தப் போனில் நிதானமாகப் பேசுகிறார். கவுண்டரில் பார்த்துப் பேசியிருக்கிறேனே தவிர, போனில் அவர் குரலை நான் கேட்டதே இல்லை.

பேசிக்கொண்டிருக்கும்போதே திரையில் இன்னொரு என்ட்ரி விழுந்தது. ஏதோ ஒரு ஜவுளிக்கடையின் பெயர். ஆஸ்பத்திரியில் பணம் கட்ட நிற்பவரின் கார்டுக்குத் துணிக்கடையில் என்ன சோலி?

"பார்த்துச் செய்றோம்ங்க" என்று போனை வைத்தேன். பாண்டியைச் சாட்சிக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு கார்டை பிளாக் செய்தேன். கணக்கிலிருந்து எதுவும் வெளியே போகாதபடி டெபிட் ஃப்ரீஸும் போட்டேன். அதன்பிறகு வந்த என்ட்ரிகள் எல்லாம் திரும்பின. ஒன்றன்பின் ஒன்றாக வந்து முட்டித் திரும்புவதைப் பார்க்கப் பார்க்க, யாரோ பூட்டிய கதவை ஆட்டுவதுபோல் இருந்தது.

ஒருவேளை தப்பாகச் செய்துவிட்டேனா என்ற நினைப்பும் விடவில்லை. கடைக்காரர் நம்பருக்குப் போட்டேன். யாரும் எடுக்கவில்லை.

3. மாரியாயி

கொஞ்ச நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு செல்லையாவின் மனைவி மாரியாயி ஓடிவந்தார். மாட்டையும் தோட்டத்தையும் விட்டுவிட்டு வர முடியாது என்று ஊரிலேயே இருந்துவிட்டவர். குடை இல்லை. தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. காதில் போன்.

"மேடம், என் கணக்குல உள்ளத எல்லாம் இந்த நம்பருக்கு அனுப்பிவிடுங்க. வெரசா மேடம்." உள்ளங்கையில் பேனாவால் ஒரு கணக்கு எண்ணை எழுதி வைத்திருந்தார். பாதி மழையில் கரைந்திருந்தது. "அவுகள வேன் அடிச்சிருச்சாம். ஆபரேஷனாம். அவுக போன்ல இருந்துதான் பேசுறாங்க."

போனை வாங்கிப் பார்த்தேன். செல்லையாவின் பெயர், செல்லையாவின் படம். காதில் வைத்தேன். நான் முன்பு கேட்ட இரண்டு குரலும் இல்லை. இது வேறு ஆள்.

"ஆஸ்பத்திரியில இருந்து பேசுறேன். லைனைக் கட் பண்ணாதீங்க. பணம் வந்தாத்தான் டாக்டர் கைய வைப்பாரு."

பின்னால் யாரோ முனகும் சத்தம்.

"அவர்கிட்ட போனக் குடுங்க. ஒரு வார்த்தை பேசட்டும்."

"மயக்கத்துல இருக்காரு."

போனைக் கையால் மூடிக்கொண்டு மாரியாயியிடம் சொன்னேன். "அம்மா, உங்க வீட்டுக்காரரு கொஞ்ச முன்னாடி எங்கிட்டப் பேசினாரு. போனப் பறிச்சிட்டாங்கன்னாரு. இது திருடங்க வேலை."

அவர் என்னையே பார்த்தார். "பறிச்சவன வெரட்டிக்கிட்டு ஓடித்தான் வேன்ல விழுந்தாகளோ என்னமோ. உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. விரட்டி ஓடி, போனை மீட்டு, அப்புறம் அடிபட்டிருந்தால்? அந்த முனகல் அவருடையதாகவே இருந்தால்? கடைக்காரர் நம்பரும் எடுக்கவில்லை. பாண்டி மறுபடி மறுபடி போட்டுக்கொண்டே இருந்தார்.

"சிஸ்டம் ஸ்லோவா இருக்கும்மா" என்று பொய் சொன்னேன்.

"ஏங்க, அது என் பணம். தர மாட்டேன்னு சொல்ல நீங்க யாரு? அங்க அவுகளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீங்க வந்து பதில் சொல்வீகளா?"

அவர் கேட்டது நியாயம். வாடிக்கையாளர் தன் பணத்தைக் கேட்டால் மறுக்க எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. அவர் மேஜையில் இரண்டு கையையும் ஊன்றி நின்றார். போனுக்குள்ளிருந்து "என்ன, அனுப்பியாச்சா? அனுப்பியாச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் கணவர் செத்துப்போனால் அது என்னால்தான் என்று அந்த இடத்தில் நான் நிச்சயமாக நம்பினேன். அனுப்பிவிடலாம் என்றுகூட வாயைத் திறந்துவிட்டேன்.

அப்போது லேண்ட்லைன் அடித்தது.

பாண்டி எடுத்தார். கேட்டுவிட்டு ரிசீவரை மாரியாயியிடம் நீட்டினார். அவர் அதை ஒரு காதில் வைத்தார். செல்போன் மேஜையில் கத்திக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் என்ன கேட்டதோ, அவர் எதுவும் பேசவில்லை. முகம் மட்டும் மெல்ல மாறியது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அவுகதான். இந்த இழுப்பு அவுக இழுப்புதான் மேடம்."

செல்லையாவுக்கு ஆஸ்துமா உண்டு. திருடன் பின்னால் ஓடியதில் இழுப்பு கண்டிருக்கிறது. கடைக்காரருடைய போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், அக்கா மகன் வந்துசேர்ந்த பிறகு அவன் போனிலிருந்து கூப்பிடுகிறார். "ஏ மாரி, பேசு புள்ள, ஏன் பேச மாட்டேங்குற?" என்று அவர் கேட்பது எனக்கே கேட்டது.

மேஜையில் இருந்த செல்போனைக் காட்டி மாரியாயி சொன்னார்: "அதக் கட் பண்ணுங்க மேடம். அதத் தொட எனக்குப் பயமா இருக்கு."

கட் செய்தேன். உடனே மறுபடி அடித்தது. புருஷன் ஒரு காதில் பேசிக்கொண்டிருக்கிறார். அவர் சிரிக்கிற படம் மேஜையில் துடித்துத் துடித்து அடிக்கிறது. நான் போனை அணைக்கும்வரை விடவில்லை.

பிறகு

செல்லையாவின் சிம்மை அன்றே முடக்கினோம். உடனே புகார் கொடுத்திருந்ததால், பல மாதம் எழுதிக் கேட்டு, கார்டில் போனதில் பெரும்பகுதி திரும்ப வந்தது. ஜவுளிக்கடையில் போனது மட்டும் வரவில்லை. நான் திருப்பிக் கூப்பிட்டுக் கேட்டதால்தான் வங்கி விழித்துக்கொண்டது என்று அவர்களுக்குத் தெரிந்து, அடுத்ததாக மாரியாயி பக்கம் திரும்பினார்கள் என்பது என் கணிப்பு. மேனேஜரும் அதை மறுக்கவில்லை. போன் போய்விட்டது என்று ஒருவர் சொல்லும்போது அதே போனுக்குக் கூப்பிட்டு விசாரிப்பதை அன்றோடு எங்கள் கிளையில் நிறுத்தினோம். வெளிநாடு போகிறவர்களிடம் வீட்டு ஆள் ஒருவரின் நம்பரைத் தனியாக வாங்கி வைத்தோம். போன் உறைக்குள் கார்டு வைக்காதீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன்.

இளைய சக ஊழியர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். சந்தேகம் வந்தால் முதலில் நிறுத்துங்கள், பிறகு விசாரியுங்கள். நிறுத்தியதை மறுநாள் திறந்துவிடலாம். போன பணத்தைத் திரும்பப் பிடிப்பது லேசில்லை. யாராவது உங்களை அவசரப்படுத்தினால், அதற்காகவே நிதானியுங்கள். பயப்படுவதில் தப்பில்லை, பயத்தோடும் நிதானமாக இருக்க முடியும்.

செல்லையா திரும்பி வந்து அதே நம்பரையே புதிய சிம்மில் வாங்கிக்கொண்டார். மழைக்காலம் முடிந்த பிறகு ஒருநாள் கிளைக்கு வந்தவர், வந்த வேலையை விட்டுவிட்டு இதைச் சொன்னார்.

"பஸ் ஸ்டாண்டுல இருந்து கூப்புட்டா மாரி எடுக்க மாட்டேங்குறா மேடம். எம் பேரு வந்தாலே போனக் கவுத்து வச்சிடுறா. வீட்டு வாசல்ல நின்னு சத்தம் போட்டுக் கூப்புட்டாத்தான் 'என்ன'ங்குறா."

பாண்டி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று சாயங்காலம் என் தம்பியின் நம்பரிலிருந்து போன் வந்தது. எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் குரல் கேட்கும்வரை நானும் பேசாமல்தான் இருந்தேன்.