பீரோ கண்ணாடியில் ஒரு கொலைப் பார்வை

"என் படத்துல நான் சொல்லாம ஒரு தூசிகூடப் பறக்காது."

இந்தப் பிரகடனத்தைக் கல்லூரி கேன்டீனில், பாதி கடித்த பன்னைக் கையில் ஏந்தியபடி வெளியிட்டபோது டைரக்டருக்கு வயது இருபத்தொன்று. அதுவரை அவன் எடுத்து முடித்த படம் எதுவும் கிடையாது. எடுத்து முடிக்காத படம் ஒன்று உண்டு. வீட்டில் எல்லோரும் அவனை டைரக்டர் என்றே கூப்பிட்டார்கள். கேலிக்கு வைத்த பெயர் அது. அவன் அதைப் பட்டம் என்று எடுத்துக்கொண்டு, கூப்பிட்டால் இரண்டாவது தடவைக்குத்தான் திரும்பிப் பார்ப்பான்.

அந்த முடியாத படத்தின் வரலாற்றைச் சொல்லாமல் மேலே போக முடியாது. மீடியா ஸ்டடீஸ் படிப்பில் ஒரு த்ரில்லர் படத்தின் தொடக்கத்தை மட்டும் எடுத்துக் காட்ட வேண்டும். இரண்டு நிமிடம் போதும். கதை முடிய வேண்டாம், கொலைகாரன் பிடிபட வேண்டாம், ஏன் கொலை நடந்தது என்று எடுத்தவனுக்கே தெரிய வேண்டாம். அடுத்து என்ன ஆகுமோ என்று பார்ப்பவனுக்கு வயிற்றில் ஒரு புரட்டு வந்தால் பாஸ். முடிக்க வேண்டிய கடமையே இல்லாத வேலை உலகத்தில் இது ஒன்றுதான். போன வருடம் டைரக்டர் அந்தத் தொடக்கத்தைக்கூடத் தொடங்கவில்லை. முதல் ஷாட்டுக்கு ஒரு கருமேகம் வேண்டும் என்று மொட்டைமாடியில் காத்திருந்தான். மேகம் வந்த அன்று கல்லூரிக் கேமராவைத் திருப்பிக் கொடுக்கும் நாளும் வந்துவிட்டது. பேப்பர் போயிற்று.

அவன் அப்பாவுக்கு டிப்போவில் பஸ்களைக் கிளப்பி அனுப்புகிற வேலை. நேரத்துக்குக் கிளம்பாத எதுவும் அவருக்குப் பிடிக்காது.

"இந்தத் தடவையும் கோட்டை விட்டேன்னு வை, நேரா உன் மாமா கடைதான்" என்றார்.

மாமா குளியலறைச் சாமான்கள் விற்பவர். குழாய், தொட்டி, பீங்கான், எல்லாம்.

"அப்பா, நான் திரைக்காகப் பொறந்தவன்."

"அங்கயும் திரைதான்டா. ஷவர் திரை. பூப்போட்டது, பூப்போடாதது ரெண்டும் இருக்கு."

ஆக, ஒரு மாபெரும் கலைஞன் ஷவர் திரை விற்பதா வேண்டாமா என்பது அந்த இரண்டு நிமிடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

டைரக்டர் படை திரட்டினான். கேமராவுக்கு ஒரு சக மாணவன். அவன் கை நடுங்குகிற அழகைப் பார்த்து வகுப்பே அவனுக்கு ஸ்டெடி என்று பெயர் வைத்திருந்தது. எடிட்டிங்குக்கு ஒரு பெண். கத்திரி என்பார்கள். கம்ப்யூட்டரில் அவள் வெட்டுவது கொஞ்சம், வாயால் வெட்டுவது அதிகம். மூவரும் டைரக்டரின் வீட்டிலேயே படம் பிடிப்பது என்று முடிவாயிற்று. பட்டப்பகலை இரவாக்க ஜன்னல்களில் போர்வைகளை ஆணி அடித்து மாட்டினார்கள். அம்மா அன்றுதான் துவைத்துக் காயவைத்த போர்வைகள்.

த்ரில்லருக்கு என்னென்ன வேண்டும் என்று வகுப்பில் மேடம் சொல்லிக் கொடுத்திருந்தார். டைரக்டர் ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் வைத்தான். சொட்டுகிற குழாய், டிக் டிக் கடிகாரம், கருப்புக் கையுறை, கிரீச்சிடும் கதவு. குழாயில்தான் முதல் சோதனை வந்தது. அது மாமா கடைக் குழாய். எப்படித் திருகினாலும் சொட்டவில்லை. ஸ்பேனரால் தட்டினார்கள். பிறகு அது சொட்டவில்லை, கொட்டியது. மாமாவே நேரில் வந்து அடைக்க வேண்டியதாயிற்று.

"என்ன மாப்ளே, கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே டிரெய்னிங்கா?" என்றார், நனைந்த சட்டையோடு. "குழாயைத் தட்டக் கூடாது. நானே வாஷரைக் கழட்டிக் குடுத்திருப்பேன்ல?"

மேதைகளுக்கு உறவினர்களால் நேரும் அவமானங்கள் தனியாக ஆராயத்தக்கவை.

அடுத்து நடிகர் தேர்வு. முகமூடிக் கொலைகாரன் வேடத்தை டைரக்டர் தானே எடுத்துக்கொண்டான். அந்த நடையை வேறு யாருக்கும் சொல்லிக்கொடுக்க முடியாதாம். சாகப்போகிறவளாகக் கத்திரி. அவள் மேசையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்க, நடைவழியின் கோடியிலிருந்து கொலைகாரன் மெல்ல மெல்ல அவள் முதுகை நோக்கி வருவான். ஒரே ஷாட், நடுவில் வெட்டு கிடையாது. அதற்கடுத்த கடைசி ஷாட்டில் கத்தியை ஓங்குவான்.

"முதுகுதான் தெரியும்னா நான் எதுக்கு? ஒரு தலகாணியை நிமுத்தி வெச்சுக்கோ" என்றாள் கத்திரி.

"முதுகுல பயம் தெரியணும்."

"உன் ஸ்கிரிப்டைப் படிச்ச அன்னைல இருந்து எனக்கு அங்கதான் வலிக்குது."

விளக்குப் பிடிக்க ஆள் இல்லை. அடுக்களையில் இருந்த அம்மாவைக் கூப்பிட்டார்கள். அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். எமர்ஜென்சி விளக்கை அவள் கையில் கொடுத்து, நடைவழியை ஒட்டிய அறைக்குள் நிறுத்தி, விளக்கை இடுப்புக்குக் கீழே பிடிக்கச் சொன்னான் மகன். வெளிச்சம் தரையிலிருந்து எழும்ப வேண்டுமாம்.

"எவ்வளவு நேரம்டா?"

"கலைக்கு நேரம் கிடையாதும்மா."

"அடுப்புக்கு உண்டு" என்றாள் அம்மா. ஆனாலும் பிடித்தாள்.

இனி நடந்தது, படம் எடுப்பவர்களால் மட்டுமே செய்ய முடிகிற தவறு. சாதாரண மனிதர்கள் நாலு பேர் ஒரு இடத்தில் நின்றால் ஒருவராவது சுற்றிலும் பார்ப்பார். இங்கே இருந்த நாலு பேருக்கும் ஆளுக்கொரு வேலை. டைரக்டரின் முகம் முழுக்கக் கருப்புத் துணி. தூசி என்ன, சுவரே தெரியவில்லை. இரண்டு தடவை முட்டிக்கொண்டான். ஸ்டெடியின் கண் ஃபோகஸ் வளையத்தில். கத்திரி முதுகைக் காட்டிக்கொண்டிருந்தாள். அம்மா மகனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நின்ற அறையில் ஆளுயரக் கண்ணாடி வைத்த பீரோ ஒன்று நின்றது. அது கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை.

எடுத்ததைக் கேமராவின் சின்னத் திரையில் போட்டுப் பார்த்தார்கள். உள்ளங்கை அகலத் திரை. அதில் தன் நடையைத் தவிர டைரக்டருக்கு வேறெதுவும் படவில்லை.

"ஒரு ஃபிரேமைக்கூடத் தொடாத" என்று கத்திரியிடம் கொடுத்தான்.

"சத்தியமா தொட மாட்டேன்" என்றாள் அவள். அந்தக் குரலில் இருந்த பணிவைக் கண்டு அவன் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

அடுத்த வாரம் வகுப்பில் பெரிய திரையில் போட்டுக் காட்டினார்கள். ஜூனியர் மாணவர்களைப் பார்வையாளர்களாக உட்கார வைத்து, அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்பது அந்தப் பாடத்தின் வழக்கம். குழாய் சொட்டியபோது ஒருவன் கொட்டாவி விட்டான். கையுறை வந்தது, பின்வரிசையில் யாரோ, "பாத்திரம் தேய்க்கப் போறாரு போல" என்றான். முகமூடிக் கொலைகாரன் சுவரில் முட்டிக்கொண்டதும் கைதட்டலே விழுந்தது. இருட்டில் டைரக்டரின் காதுகள் சூடேறின. பூப்போட்ட ஷவர் திரைகள் கண்ணெதிரே அசைந்தன.

பிறகு திடீரென்று சிரிப்பு நின்றது.

நடைவழியின் ஓரத்தில், பாதி திறந்த கதவுக்குள், பீரோ கண்ணாடியில் ஒரு பெண் நின்றாள். கீழிருந்து எழுந்த வெளிச்சத்தில் கன்னமேடும் புருவமும் மட்டும் தெரிந்தன. அசையவில்லை. இமைக்கவில்லை. கொலைகாரன் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் கண் மட்டும் அவன் கூடவே நகர்ந்தது. முன்வரிசையில் ஒரு பெண், "ஐயோ" என்று பக்கத்துச் சீட்டுக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

விளக்குப் போட்டார்கள்.

"அந்தக் கண்ணாடியில நிக்கறது யாரு?" என்று கேட்டார் மேடம்.

டைரக்டருக்கும் அது புதுச்செய்திதான். தன் தாயை அவன் அதற்குமுன் அப்படிப் பார்த்ததில்லை. சரியாகச் சொன்னால், எப்படியுமே பார்த்ததில்லை. ஆனால் மேதைகளின் நாக்கு மூளைக்காகக் காத்திருப்பதில்லை.

"அது... வேணும்னே வெச்சது மேடம். கொலைகாரனையே ஒருத்தர் வேவு பாக்கறாங்க. அதான் கான்செப்ட்."

"நல்லா இருக்கு. மத்ததெல்லாம் ரொம்ப சுமார். அதுவும் நீ கத்தியைத் தூக்கற கடைசி ஷாட், சிரிப்பு வருது. அதைத் தூக்கிட்டு அந்த அம்மா முகத்துல முடி. அப்புறம் டைட்டில் வரட்டும். அது அமைஞ்சா பாஸ் போடலாம். இல்லன்னா கஷ்டம்."

வெளியே வந்ததும் கத்திரியைப் பிடித்துக்கொண்டான். "நீ முன்னாடியே பாத்துட்டியா?"

"முதல் நாளே பாத்தேன்."

"ஏன் சொல்லல?"

"ஒரு ஃபிரேமைக்கூடத் தொடாதன்னியே. அப்புறம், உன் படத்துல நீ சொல்லாம எதுவும் நடக்காதாமே? நீதான் சொல்லியிருப்பன்னு நெனச்சேன்."

மறுபடி போர்வைகள், மறுபடி ஆணி. இந்தத் தடவை அம்மாவுக்கு விஷயம் தெரியும். முகத்துக்குப் பவுடர் போட்டு, தலையைப் படிய வாரி, அதே விளக்கோடு கண்ணாடிமுன் வந்து நின்றாள். அடையாள அட்டைக்குப் போட்டோ எடுக்கிற மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்குப் பாத்த மாதிரி பாரும்மா."

"அன்னைக்கு எப்படிப் பாத்தேன்?"

"கொலை பண்ற மாதிரி."

"யாரை?"

"யாரையும் இல்ல. பொதுவா."

"பொதுவா எப்படிடா கொலை பண்றது?"

ஸ்டெடியின் கேமரா குலுங்கியது; வழக்கமான நடுக்கம் இல்லை, சிரிப்பு. டைரக்டர் நடித்துக் காட்டினான். கண்ணை உருட்டச் சொன்னான். அம்மா உருட்டினாள், பல்வலிக்காரியைப்போல இருந்தது. முறைக்கச் சொன்னான். முறைத்தாள், பாதியில் சிரித்துவிட்டாள். மூச்சை இழு, விடு, இடது கண்ணால் மட்டும் கோபப்படு என்றெல்லாம் கட்டளைகள் பறந்தன. சொல்லச் சொல்ல அந்த முகத்தில் இருந்ததும் போயிற்று.

"சரி, அன்னைக்கு என்ன நெனச்சுக்கிட்டிருந்த? அதையே இப்ப நெனை."

"அதெல்லாம் எதுக்கு?"

"நடிப்புக்கும்மா. சொல்லு."

அம்மா கொஞ்சம் தயங்கினாள். "தலைல துணியை மாட்டிக்கிட்டு சுவத்துல முட்டி முட்டி நடந்துக்கிட்டிருந்த. இந்தப் பையனை வெச்சுக்கிட்டு இனிமே என்ன பண்றதுன்னு நெனச்சேன்."

கத்திரிக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது.

டைரக்டர் கையிலிருந்த கருப்புத் துணியைத் தரையில் எறிந்தான். அம்மாவுக்கும் கண்ணாடிக்கும் முதுகைக் காட்டி மேசையில் போய் உட்கார்ந்து, தலையைக் கையில் தாங்கிக்கொண்டான். மறுநாள் கேமராவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஸ்டெடி கேமராவை ஸ்டாண்டில் அப்படியே விட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனான். யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. அம்மா விளக்கைக் கீழே வைக்கலாமா என்று கேட்க வாயெடுத்தாள். மகனின் முதுகைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். கேட்காமல் நின்று பார்த்தாள்.

எதிரே இருந்த கத்திரி கேமராவின் சின்னத் திரையை எட்டிப் பார்த்தாள். கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவள் விரலை உயர்த்தி, டைரக்டரைப் பார்த்து, அசையாதே என்று காட்டினாள். தனக்குப் பின்னால் ஏதோ நடக்கிறது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. இப்படித் திரும்பு, அப்படிப் பார், முகத்தைக் கொஞ்சம் தூக்கு என்று ஆயிரம் கட்டளைகள் தொண்டைவரை வந்தன. வாழ்க்கையில் முதல்முறையாக அவற்றை விழுங்கிவிட்டு, சொன்னபடி உட்கார்ந்திருந்தான்.

எடுத்த படத்தைப் பற்றிக் கேள்வி கேட்டு மார்க் போடும் நேர்முகத் தேர்வில் மேடம் அந்தக் கடைசி ஷாட்டை இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். டைரக்டர் பாஸா இல்லையா என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். த்ரில்லர் என்றால் மறைக்க வேண்டும், இது வெறும் வாழ்க்கை வரலாறு. நூலிழையில் பாஸ். பெருமளவு எடிட்டிங்குக்காகக் கிடைத்த மார்க். மாமா கடை ஒரு விற்பனையாளரை இழந்தது. அந்தக் கடையின் நற்பெயருக்கு அதனால் நன்மையே.

ஆனால் தேர்வு அறையில் உட்கார்ந்திருந்தபோது அது அவனுக்குத் தெரியாது. திட்டம் போட்டுச் செய்ததற்குத்தான் மார்க், தானாக அமைந்ததற்கு இல்லை என்று மேடம் முதலிலேயே சொல்லியிருந்தார். டைரக்டர் ஒரு பதிலை உருப்போட்டு வந்திருந்தான். நடிகையின் உள்மனத்தைத் தான் எப்படித் தட்டி எழுப்பினான் என்று நீளமான பதில். பக்கத்து நாற்காலியில் கத்திரி அதைக் கேட்கத் தயாராக, கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். திரையில் அம்மாவின் முகம் அப்படியே நின்றிருந்தது.

"இந்த ஒரு பார்வைக்காகத்தான் கேக்கறேன்" என்றார் மேடம். "அவங்களுக்கு என்ன சொல்லிக் குடுத்த?"

டைரக்டர் திரையைப் பார்த்தான். வாயைத் திறந்தான். ஒருமுறை மூடிக்கொண்டான்.

"ஒண்ணும் சொல்லல மேடம். நான் அந்தப் பக்கம் திரும்பி உக்காந்திருந்தேன்."