இறவாரத்தின் கீழே

என் மனைவிக்கு இரண்டு குடும்பம். ஒன்று நானும் மகளும். இன்னொன்று ஊர் நடுவில் நிற்கும் பழைய பேராலயம். எதற்கு முதலிடம் என்று நான் கேட்டதில்லை. பதில் தெரிந்த கேள்வியைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்வானேன்?

அவள் தொல்லியல் படித்தவள். தொல்லியல் என்றதும் பாலைவனம், புதையல் என்று கனவு காண்பவர்கள் அவளுடைய முழங்காலைப் பார்க்க வேண்டும். மண்டியிட்டு மண்டியிட்டுச் செருப்புத் தோல் மாதிரி ஆகிவிட்டது. பேராலயத்தில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் அவளைக் கேட்டுத்தான் அடிக்க வேண்டும். மின்கம்பி பதிக்க ஒரு முழம் பள்ளம் தோண்டினால், பக்கத்தில் குனிந்து மண்ணின் நிறம் எங்கே மாறுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாள். பொரிந்துபோன கல்லை மாற்றுவதற்கு முன் அதை வரைவாள், படமெடுப்பாள், எது ஆதியில் வைத்த கல், எது பிற்பாடு யாரோ சொருகியது என்று பிரித்துச் சொல்வாள். சுண்ணாம்புக் காரையை விரலில் தேய்த்தே அதன் வயசைச் சொல்லிவிடுவாள். என் வயசை மட்டும் தப்பாகச் சொல்வாள், எப்போதும் கூட்டித்தான்.

வரைபடத்தை நம்பக் கூடாது என்பது அவளுடைய வேதம். தாளில் என்ன போட்டிருந்தாலும் சரி, ஒரு சோதனைக் குழி தோண்டி, கண்ணால் பார்த்த பிறகுதான் வேலைக்குத் தலையசைப்பாள். இதனால் கொத்தனார் முதல் பங்குத்தந்தை வரை அவள்மேல் எரிச்சல் படாதவர் கிடையாது.

நான் பேருந்து ஓட்டுநர். ஓட்டுநராக இருந்தேன். முதுகுத்தண்டில் வந்த கட்டியை எடுத்தார்கள், அதோடு கால்களும் போய்விட்டன. சக்கர நாற்காலி வந்தது. ஊரையே ஏற்றிக்கொண்டு போனவனை நாலு பேர் தூக்குவதா என்று எனக்கு வீம்பு. படியுள்ள வீடுகளுக்குப் போவதை விட்டேன். படியுள்ள நண்பர்களையும் விட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். யாராவது "தூக்கிடலாம்" என்று வாயெடுத்தால் போதும், மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அப்போதுதான் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பேராலயத்தில்தான் நடக்க வேண்டும் என்றாள். அங்கே ஓடி விளையாடி வளர்ந்தவள், வேறெங்கே கேட்பாள்? பெண்ணை நான்தான் உள்ளே அழைத்துக்கொண்டு போக வேண்டும். ஆனால் எந்த வாசலிலும் படி. "நானே சக்கரத்த உருட்டிட்டு உள்ள போகணும். இல்லன்னா என்னை எதிர்பாக்காதீங்க" என்று சொல்லிவிட்டேன். மகள் அழுதாள். நான் இறங்கி வரவில்லை.

சாய்தளம் கட்ட வேண்டும் என்ற பேச்சு பேராலயத்தின் நிர்வாகக் குழுவில் பல வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. என் மனைவி அதைத் தட்டி எழுப்பினாள். நச்சரித்து, சண்டை போட்டு, வடக்குச் சுவரை ஒட்டிச் சின்ன வாசல் வரை ஒரு சாய்தளத்துக்கு ஒப்புதல் வாங்கிவிட்டாள். கல்யாணத்துக்கு முன்பே முடிந்துவிடும் என்றாள். நான் ஒரு ஜோடி கையுறை வாங்கி, பக்கத்துக் கடையின் வண்டி நிறுத்தும் சரிவில் ஏறி இறங்கிப் பழகினேன். தெருவே வேடிக்கை பார்த்தது, பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தோண்ட ஆரம்பித்துக் கொஞ்ச நாளிலேயே ஒரு மதியம் அவள் வீட்டுக்கு வந்து நின்றாள். பகலில் அவளை வீட்டில் பார்ப்பதே அதிசயம். கைகூடக் கழுவாமல் உட்கார்ந்து, எலும்பு வந்திருக்கிறது, வேலையை நிறுத்திவிட்டேன் என்றாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "செத்து மண்ணாப் போனவங்களுக்கு அங்க இடம் இருக்கு. உயிரோட இருக்கிறவனுக்கு இல்லையா?" என்று கத்தினேன். அந்தக் கல்லையே கட்டிக்கொண்டு அழு என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். ஒன்றுக்கு ஒன்பது பதில் சொல்கிறவள், அன்று என்னைக் கத்த விட்டாள். நான் ஓய்ந்த பிறகு, "ஒரு தடவை வந்து பாருங்க. அப்புறம் நீங்க சொல்றபடி செய்றேன்" என்றாள்.

பள்ளத்தின் ஓரம் வரை பலகை போட்டு, அதன்மேல் என் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள். வேலையாட்கள் ஒதுங்கி நின்றார்கள். அவள் பள்ளத்தில் இறங்கித் தார்ப்பாயை விலக்கினாள்.

மண்டையோடும் பெரிய எலும்பும் இருக்கும் என்று நினைத்துப் போனவன் நான். முதலில் ஒன்றுமே தெரியவில்லை. அவள் விரல் காட்டிய இடத்தில் உற்றுப் பார்த்தால், விலா எலும்புகள், தீக்குச்சி அளவுக்கு. சற்றுத் தள்ளி இன்னொன்று. அதற்கப்புறம் ஒன்று. சுவரிலிருந்து எல்லாம் ஒரே தூரத்தில், வரிசையாக. அத்தனையும் பச்சைக் குழந்தைகள்.

ஞானஸ்நானம் ஆவதற்குள் இறந்துவிட்ட பிள்ளைகளுக்கு அந்தக் காலத்தில் ஆலயத்துக் கல்லறையில் இடம் கிடையாதாம். கூரைக்கு அப்போது மழைநீர்க் குழாயும் கிடையாது. மழை பெய்தால் தண்ணீர் இறவாரத்து விளிம்பிலிருந்து நேரே மண்ணில் விழும். பெற்றவர்கள் பிள்ளையை அந்த இடம் பார்த்துப் புதைத்திருக்கிறார்கள். ஆலயத்துக் கூரையைத் தொட்டு வருகிற தண்ணீர் பிள்ளைமேல் விழட்டும், அதுவே ஞானஸ்நானமாக இருக்கட்டும் என்று. அவள் சொல்லச் சொல்ல நான் அண்ணாந்து பார்த்தேன். கூரையின் விளிம்பு அவர்களுக்கு நேர்மேலே இருந்தது.

"எடுத்துப் பெட்டியில வச்சுட்டா வேலையத் தொடரலாம். தப்புன்னு யாரும் சொல்ல முடியாது. நான் கையெழுத்துப் போட்டாப் போதும்."

"போடலன்னா?"

"சாய்தளத்தத் தெக்குப் பக்கம் மாத்தணும். கல்யாணத்துக்குள்ள ஆகாது."

சோதனைக் குழி தோண்டியபோதே இது தெரிந்திருக்க வேண்டுமே என்று கேட்டேன். அவள் கையிலிருந்த கொத்துக்கரண்டியில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

"தோண்டல" என்றாள்.

சுவரோரமாக ஒரு வடிகால் போவதாகப் பழைய வரைபடத்தில் இருந்ததாம். வடிகால் வெட்டியபோதே இங்கே இருந்ததெல்லாம் போயிருக்கும் என்று விட்டுவிட்டாளாம். ஆனால் வெட்டியவர்கள் ஆழமாகப் போகவில்லை. வரைபடத்தை நம்பிவிடுவது, வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் செய்கிற தப்பு. இதற்காக அவள் மற்றவர்களைக் காய்ச்சியெடுத்ததை நானே கேட்டிருக்கிறேன்.

"தோண்டினா ஏதாவது வந்துடுமோன்னு பயமா இருந்துச்சு. வந்தா நாள் தள்ளிப்போகும். நீங்க வரமாட்டேன்னுட்டீங்க."

பிறர் வேலையை இத்தனை வருஷம் நிறுத்தி வைத்தவள், எனக்காக ஒரே ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள்.

"மூடிடு" என்றேன்.

"நீங்க எப்படி உள்ள வருவீங்க?"

"தூக்கச் சொல்லு."

மறுநாள் குழுவின் முன்னால் நின்று, தப்பு தன்னுடையது என்று அவளே சொன்னாள். அங்கே ஒரு பொறியாளர் உண்டு. அவர் போட நினைத்த வண்டி நிறுத்துமிடத்தை எப்போதோ இவள் தடுத்திருந்தாள். கிடைத்தது வாய்ப்பு என்று கிழி கிழியென்று கிழித்தாராம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போது அவள் முகம் சிவந்திருந்தது.

கல்யாணத்தன்று அந்தப் பள்ளத்தை மூடிய நாலு பேரே வந்து என்னை நாற்காலியோடு தூக்கினார்கள். விருந்தாளிகள் எல்லாரும் படியில் நின்றார்கள். பாதி வழியில் என் ஒரு கால் நழுவித் தொங்கியது, யாரோ எடுத்து வைத்தார்கள். வெட்கத்தில் உடம்பே கூசியது. பழகிவிட்டது என்றெல்லாம் பொய் சொல்ல மாட்டேன். மேலே இறக்கி வைத்ததும் மகள் பக்கத்தில் வந்து, "போலாமாப்பா?" என்றாள். சக்கரத்தைப் பிடித்தேன். உருட்ட வரவில்லை. மகளே பின்னால் போய்த் தள்ளினாள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.