குழாய்க்குத் தனி மாஸ்டர்

பால்வண்ணநாதனை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் நான் அவருக்குப் புகழ்மாலை கட்டுகிறேன் என்று நினைத்துவிடக் கூடாது.

குற்றாலத்தில் ஐந்தருவி போகிற சாலையில், ஒரு லாட்ஜின் பின்பக்கம் மெத்தை அடுக்கிவைக்கிற அறையில் அவர் பாட்டுகளுக்கு மாஸ்டரிங் செய்கிறார். பாடி, வாத்தியம் சேர்த்துக் கலந்து முடித்த பாட்டை, வெளியிடும் முன் கடைசியாக ஒருமுறை சீர்செய்து, எந்த வடிவத்தில் அனுப்புவது என்று முடிவு செய்கிற வேலை அது. அவ்வளவுதான். அதைக் கருவறைக்குள் நிற்பவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு செய்வார்.

சீசன் இல்லாத மாதங்களில் சுவர் மறைய மெத்தை அடுக்கியிருக்கும். சத்தம் எதிரொலிக்காது. சாரல் விழுந்ததும் மெத்தையெல்லாம் மாடி அறைகளுக்குப் போய்விடும். அதன்பின் யார் வந்தாலும், "ரூம் மொட்டையாயிட்டுவே. புரட்டாசில வாரும்" என்று கதவைச் சாத்துவார். உட்கார் என்று ஒரு வார்த்தை கிடையாது.

ஒரு காலத்தில் கரிவலம் பக்கம் மைக் செட் போட்டுக்கொண்டிருந்தவர். ஏதோ ஒரு கோயில் கொடைத் திருவிழாவில் பக்கத்திலேயே வெடித்த வேட்டு அவருடைய இடது காதைக் கொண்டுபோய்விட்டது. மிச்சமிருந்த ஒரு காதோடு குற்றாலம் வந்து கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டார். இடது பக்கச் சத்தத்தைத் திரையில் ஓடும் மீட்டரில் பார்ப்பார். பாட்டைப் பார்க்கிற மனுஷனிடம் என் பாட்டைக் கொடுக்க எனக்கென்ன கோட்டியா?

கொடுக்கச் சொன்னது மாரிச்செல்வி. நான் தென்காசியில் கீபோர்டு வகுப்பு நடத்துகிறேன். அவள் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டே என்னிடம் பாட வந்தவள். நல்ல குரல். கம்பெனி எதுவும் இல்லாமல் நாங்களே வெளியிடுவதாக ஒரு அம்மன் பாட்டைப் பதிவு செய்தோம். அவள் ஊர் இலஞ்சிப் பக்கம். அங்கே கொடைக் கமிட்டியில் அவளுடைய அண்ணன் அருண்பாண்டி இருந்தான். பொம்பளைப் பிள்ளை மைக்கைப் பிடிப்பது அவனுக்கு ஆகாது. தினம் ஒரு சண்டைக்குப் பிறகு ஒரு பேச்சுக்கு வந்திருந்தான்: ஆடிக் கொடையில், உச்சிப் பூஜை முடிந்ததும் ஒரே ஒரு தடவை பாட்டைப் போடலாம். ஊர் காறித் துப்பினால் அதோடு அவள் பாட்டை விட்டுவிட வேண்டும்.

"போன்ல எவன் சார் கேக்கான்? எங்க ஊருக்குக் குழாயில கேட்டாத்தான் பாட்டு" என்றாள். கொடைகளில் கட்டுகிற கூம்பு ஒலிபெருக்கிக் குழாயில் பால்வண்ணநாதன் செய்த பாட்டுகள்தான் எழுத்து எழுத்தாய்க் கேட்கும் என்று யாரோ அவளிடம் ஓதியிருந்தார்கள்.

வைகாசியில் அந்த மெத்தை அறைக்குப் போனோம். என் பாட்டை ஒரு நிமிடம் கேட்டார். வலது இடது இரண்டையும் ஒன்றாக்குகிற ஒரு பொத்தானை அழுத்தினார். பாட்டிலிருந்து மாரிச்செல்வியின் குரல் காணாமல் போயிற்று.

"என்னவே பண்ணி வச்சிருக்கீரு?" என்றார்.

குரல் இரண்டு காதையும் சுற்றி விரிந்து கேட்க வேண்டும் என்று நான் மூன்று நாள் உட்கார்ந்து செய்த வேலை அது. ஹெட்போனில் கேட்டால் அவள் நம் தலையைச் சுற்றி நின்று பாடுவாள். அதைச் சொன்னேன்.

"ஒரு கதவ இந்தப் பக்கம் ஒருத்தன் தள்ளுதான், அந்தப் பக்கம் ஒருத்தன் தள்ளுதான். கதவு அசையுமா? ஒம்ம குரலு வலதுலயும் இடதுலயும் அப்படித்தான் நிக்கி. குழாய்க்கு ஒத்த ஒயருதான். ரெண்டும் ஒண்ணாச் சேந்தா ஒண்ண ஒண்ணு தின்னுரும்."

"இந்தக் காலத்துல யாரு அண்ணாச்சி ஒத்த ஒயர்ல கேக்கா? எல்லாருக்கும் ரெண்டு காது இருக்குல்லா" என்றேன். வேண்டுமென்றேதான் சொன்னேன். மாரிச்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் முகம் மாறவில்லை. "குரலத் தனியா, மியூசிக்கத் தனியா குடுத்துட்டுப் போரும்" என்றார்.

ஒரு வாரத்தில் லிங்க் வந்தது. உள்ளே மூன்று ஃபோல்டர்: நெட்டுக்கு, போனுக்கு, குழாய்க்கு. ஒரு பிள்ளைக்கு எத்தனை பேர் வைப்பது? கூடவே ஒரு குறிப்பு: நெட்டுக்கு அனுப்புவதில் சத்தத்தைக் கூட்டாதே, கூட்டினால் அவர்களே குறைத்துவிடுவார்கள், அமுங்கிய பாட்டுதான் மிஞ்சும், கொடைக்குக் கடைசி ஃபோல்டரை மட்டும் போடு. எனக்கு உத்தரவு! முதல் ஃபைலைப் பத்து விநாடி கேட்டேன். நான் விரித்து வைத்த குரலை நடுவில் ஒடுக்கி வைத்திருந்தார். மற்ற இரண்டையும் கேட்கவே இல்லை. மூன்றையும் அழித்தேன். லிங்க்கையும் அழித்தேன். என்னுடைய மிக்ஸையே சத்தம் கூட்டி நெட்டுக்கு ஏற்றி, வெளியீட்டு நாளைக் கொடையன்றைக்கு வைத்தேன். அதையே பென்டிரைவிலும் போட்டுக்கொண்டேன். மாரிச்செல்வியிடம் எல்லாம் தயார் என்று மட்டும் சொன்னேன்.

கொடையன்று உச்சிப் பூஜை முடிந்தது. ஊர் முழுக்கப் பந்தலில் சோற்றுக்கு உட்கார்ந்திருந்தது. மைக் செட்காரர் மாடன் பென்டிரைவைச் செருகினார். மேளம் வந்தது. நாதஸ்வரம் வந்தது. பாட வேண்டிய இடத்தில் குரல் வரவில்லை. கிணற்றுக்குள் யாரோ முனகுவது போல் ஏதோ கேட்டது. நாலரை நிமிடமும் அப்படித்தான்.

"பாட்டுக்காரி பஸ்ஸ விட்டுட்டா போல" என்று ஒருவன் சொன்னான். பந்தலே சிரித்தது.

மாரிச்செல்வி என்னைப் பார்த்தாள். "சார், என் குரலு எங்க சார்?"

எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. ஒத்த ஒயர் குரலைத் தின்றிருந்தது. கோயிலுக்குப் பின்னால் ஒதுங்கிப்போய்ப் பால்வண்ணநாதனுக்குப் போன் போட்டேன். நான் வாயைத் திறக்கும் முன் அவரே கேட்டார்.

"குரலு வரலியோ?"

மெத்தை இல்லாத அறையில் அவர் பேச்சு எதிரொலித்தது.

"அண்ணாச்சி, அந்த லிங்க்க அழிச்சிட்டேன்."

"கோட்டிக்காரப் பயல. மைக் செட்காரன் நம்பரச் சொல்லு. டாக்குமெண்ட்டா அனுப்புதேன், பாட்டா அனுப்புனா வாட்ஸ்அப் நசுக்கிரும். போன வைக்காத."

நம்பரைச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தால் அங்கே சண்டை. "ஒரு தடவன்னுதான பேச்சு. முடிஞ்சிட்டு. வீட்டுக்குப் போடீ" என்று அருண்பாண்டி கத்திக்கொண்டிருந்தான்.

மாரிச்செல்வி ஆம்பிளிஃபயரை மறித்து நின்றாள். "எம் பாட்ட இன்னும் போடவே இல்ல. என் குரலு இல்லாம அது எப்படி எம் பாட்டாவும்? அடிக்கணும்னா அடி. நான் நகர மாட்டேன்."

அதற்குள் மாடனின் போனுக்கு ஃபைல் வந்திருந்தது. அவர் யாரையும் கேட்கவில்லை. போனில் ஒயரைச் செருகிப் போட்டுவிட்டார்.

முதல் அடியிலேயே அவள் குரல் வந்தது. நாலு குழாயிலும், வார்த்தை வார்த்தையாக, வயலைத் தாண்டிப் போயிற்று. சோறு போட்டுக்கொண்டிருந்தவன் வாளியோடு நின்றான். "ஏ, இது நம்ம மாரில்லா!" என்று ஒரு பெண் சத்தமாகச் சொன்னாள். அருண்பாண்டி வேட்டியை மடித்துக் கட்டினான், அவிழ்த்தான், மறுபடி கட்டினான். பாட்டு முடிந்ததும், "இன்னொரு தடவ போடுங்கடே" என்றான். அவள் அழுதுவிட்டாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தாள். "இது யாரு சார் செஞ்சது?"

அருண்பாண்டி பக்கத்தில் நின்றான். மாடன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாந்தான்" என்றேன். "குழாய்க்குன்னு தனியாச் செஞ்சு வச்சிருந்தேன். முதல்ல தப்பான ஃபைலக் குடுத்துட்டேன்."

கையில் இருந்த போனில் அழைப்பு ஓடிக்கொண்டே இருந்தது. பதினாறு நிமிடம். காதில் வைத்தேன்.

"குரலு வந்துட்டு, கேட்டேன்" என்றார் பால்வண்ணநாதன். "வைக்கேன்."

இப்போது சுற்று வட்டாரக் கொடைக் கமிட்டிக்காரர்கள் குழாய்க்குத் தனி மாஸ்டர் கேட்டு என்னைத் தேடி வருகிறார்கள். மாரிச்செல்விதான் அனுப்புகிறாள். நான் அனுப்பச் சொன்ன யாரோ ஃபைலை அனுப்பினார் என்றுதான் மாடன் நினைத்திருக்கிறார்; அவரிடம்கூடப் பால்வண்ணநாதன் இதுவரை வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு திட்டிவிட்டு எப்போதோ மறந்திருப்பேன்.