கோடிச் சேலை கட்டி ஒட்டன்சத்திரம் போன அம்மா

அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்காக உங்கள் எல்லோரிடமும் அம்மாவின் படங்களைக் கேட்டிருந்தோம். நாற்பத்தொரு படங்கள் வந்தன. வகை பிரித்து அடுக்கினேன். கல்யாண வீடுகளில் எடுத்தவை ஒன்பது, கோயிலில் மூன்று, மில்லில் உடன் வேலை செய்தவர்களோடு நான்கு, யாருடையது என்று இன்னும் தெரியாத ஒரு குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும் படம் ஒன்று. மீதி இருபத்து நான்கிலும் அம்மாவோடு ஒரு சைக்கிள் இருக்கிறது. ஆகவே சைக்கிளைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

அதற்கு முன்பு இருந்த வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தாடிக்கொம்புக்குப் பக்கத்தில் சின்ன வெங்காயமும் மல்லிகையும் பயிரிட்ட குடும்பத்தில் அம்மா பிறந்தார். உடன்பிறந்தவர் மாமா ஒருவர்தான், அம்மாவைவிட ஆறு வயது மூத்தவர். கிணறு வற்றிய பிறகு மாமா ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கு வேலைக்குப் போய், அந்த ஊரிலேயே பெண் எடுத்து, கமிஷன் கடை வைத்து நிலைத்துவிட்டார். அம்மாவைத் திண்டுக்கல்லில் பழுதான மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டும் கடை வைத்திருந்த அப்பாவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நான் ஒரே பெண். கடையில் வேலை வராத ஆண்டுகளில் அம்மா நூல் மில்லில் சேர்ந்தார். நூலின் வலுவைச் சோதிக்கும் பிரிவு. நூல் எங்கே அறுந்தது, எதனால் அறுந்தது என்று எழுதி வைப்பது அவர் வேலை. எதையும் எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு அவரிடமிருந்து வந்தது.

எட்டு ஆண்டுகளுக்கு முன்பு, நான் பொறியியல் இரண்டாம் ஆண்டு படித்தபோது, அம்மாவுக்கு ஓயாத சோர்வும் வியர்வையும் இருந்தன. இடது விலாவுக்குக் கீழே கல் வைத்ததுபோல் இருக்கிறது என்றார். இரத்தம் எடுத்துப் பார்த்தவர்கள் மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒன்பது நாள் வைத்திருந்து, இரத்தப் புற்றுநோய் என்றும், மாத்திரையால் நீண்ட காலம் கட்டுக்குள் வைக்கக்கூடிய வகை என்றும் சொன்னார்கள். பத்தாம் நாள் காலையில் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். நாங்கள் பஸ் ஏறி வந்துவிட்டோம்.

அன்று நம் உறவினர் ஒருவர் அம்மாவைப் பார்க்க மருத்துவமனைக்குப் போயிருந்தார். (அவர் யார் என்று எழுதவில்லை. இந்த மலர் அவர் கைக்கும் வரும்.) கட்டில் காலியாக இருந்தது, விரிப்பையும் எடுத்திருந்தார்கள். அப்பாவின் போனில் சார்ஜ் இல்லை. அந்த உறவினர் செவிலியர் யாரையும் கேட்கவில்லை, நேராக மாமாவுக்குப் போன் செய்து அழுதுவிட்டார்.

மாலை மூன்று மணி இருக்கும். அம்மா ரசம் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தெருமுனையில் ஒரு வேன் நின்றது. அது நிற்பதற்கு முன்பே ஒப்பாரிச் சத்தம் கேட்டது.

"யாரு வீட்லடி?" என்று அம்மா என்னைக் கேட்டார்.

சத்தம் எங்கள் வாசலில் வந்து நின்றது. அம்மா சோற்றுக் கையோடு எழுந்து போய்க் கதவைத் திறந்தார். ஒட்டன்சத்திரத்தில் கிளம்பி, செம்பட்டி சுற்றி, தாடிக்கொம்பிலும் திண்டுக்கல்லிலும் ஆள் ஏற்றிக்கொண்டு வந்த வேன் அது. மொத்தம் பதினோரு பேர். வீடுகளாகக் கணக்கிட்டால் எட்டு. முன்னால் மாமா, கையில் மாலையும் ஒரு துணிக்கடைப் பையும். தலைவிரி கோலமாக வந்த அத்தை அப்படியே நின்றுவிட்டார்.

"அம்மிணி... இருக்கறீங்களா?"

"இருக்கேன் மதினி. உள்ள வாங்க. சாப்டீங்களா எல்லாரும்?"

சிலர் சிரித்தார்கள், சிலர் இன்னும் பெரிதாக அழுதார்கள். மாமா பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"பையில என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல தாயி."

அம்மா வாங்கிப் பிரித்தார். மயில்கழுத்து நிறத்தில் ஒரு புதுச் சேலை. கல்யாணமான பெண் இறந்தால் பிறந்த வீட்டார் கொண்டுவந்து போர்த்த வேண்டிய கோடி அது. ஒரு மனிதருக்குத் தன் கோடியைத் தன் கையால் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு கிடைக்காது. அம்மா மில்லில் நூல் பார்ப்பதுபோல ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தார்.

"நல்ல நூலு. பொங்கலுக்கு ஒரு தடவையாச்சும் இம்புட்டு நல்லதா எனக்கு எடுத்திருக்கியாண்ணே?"

"அதக் குடு தாயி. கொண்டுபோய் எங்கயாச்சும் போட்டுர்றேன்."

"எனக்கு எடுத்தது எனக்குத்தான்" என்று சொல்லிப் பீரோவில் வைத்துவிட்டார்.

பிறகு நடந்ததுதான் அம்மாவை மாற்றியது. அம்மா காபி போட அடுப்படிக்குப் போனதும் முன்னறையில் பெரியவர்கள் பேச ஆரம்பித்தார்கள். அவ கண்ண மூடுறதுக்குள்ள புள்ளைக்கு ஒரு கல்யாணத்த முடிச்சிரணும், தையில வச்சிரலாம், மாப்பிள்ளை சந்தையிலேயே இருக்கான், படிப்ப அப்புறம் பாத்துக்கலாம். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிவாகிவிட்டது. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தடி தூரத்தில் இருந்த அம்மாவை யாரும் கேட்கவில்லை.

அம்மா காபித் தட்டோடு வந்தார்.

"யாரு கண்ண மூடுறதுக்குள்ள?"

அம்மா தட்டைக் கீழே வைத்தார்.

"என் மக கல்யாணத்தப் பத்தி என்கிட்ட கேக்கணும்ல. நான் இங்கதான இருக்கேன்?"

"இல்ல தாயி, நீ இனி எம்புட்டு நாளைக்கு..." மாமா பாதியில் நிறுத்தினார்.

"அது எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. அவ படிப்பு முடியட்டும்."

"அடுப்படியில இருந்து இங்க வர்றதுக்கே மூச்சு வாங்குது. பேச்சு மட்டும் பேசுற."

"சரிண்ணே. என்னைப் பாக்க எட்டு வீட்டுல இருந்து வந்திருக்கீங்க. எட்டு வீட்டுக்கும் நான் திரும்பி வருவேன். கடைசியா உன் வீட்டுக்கு. சைக்கிள்ல வாரேன். அதுவரைக்கும் கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது."

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்துக்கொண்டே, "வா, வா" என்றார். கிளம்பும்போது ஒரு குழப்பம் வந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் சொல்லிக்கொள்ளாமல் போக வேண்டும். வாசலில் தயங்கித் தயங்கி நின்றார்கள். "போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போங்க" என்றார் அம்மா. பதினோரு பேரும் ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

சைக்கிள் வீட்டில் இருந்தது. பிளஸ் ஒன்னில் எனக்குப் பள்ளியில் கொடுத்த இலவச சைக்கிள், மாடிப்படிக்குக் கீழே துருப்பிடித்துக் கிடந்தது. கல்யாணத்துக்கு முன்பு அம்மா சைக்கிள் ஓட்டியவர். மதுரை மருத்துவரிடம் கேட்டோம். கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டலாம், விழக் கூடாது, இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும் என்றார். அப்பா இரண்டு நாள் கடையை அடைத்துவிட்டுச் செயின், டயர், சீட் எல்லாவற்றையும் மாற்றினார். அன்றைய கல்யாணப் பேச்சில் வாய் திறக்காததற்கு அவர் கேட்ட மன்னிப்பு அது என்று நினைக்கிறேன். வாய்விட்டுச் சொன்னது ஒன்றுதான்: "பிரேக் கட்டை புதுசு. பாத்துப் பிடி."

முதல் நாள் தெருமுனை வரை போய்விட்டு, தள்ளிக்கொண்டு திரும்பினார். அன்று மதியம் முழுக்கத் தூங்கினார். நான் கம்ப்யூட்டரில் ஒரு அட்டவணை போட்டேன். தேதி, தூரம், வாந்தி, கெண்டைக்கால் இழுப்பு, இரத்தப் பரிசோதனை முடிவு. அம்மா பார்த்துவிட்டு, "யாரு என்ன சொன்னாங்கன்னு ஒரு கட்டம் போடு" என்றார். அந்தக் கட்டத்தில் முதல் மாதம் 'பாவம்' என்ற சொல் பதினான்கு முறை இருக்கிறது. இரண்டாம் மாதத்தில் டீக்கடைக்காரர் வருகிறார்.

"என்னக்கா, ஸ்கூல் சைக்கிள்ல போறீங்க. எந்த ஸ்கூலு?"

"பெயிலாயிட்டேன் தம்பி. திரும்பச் சேந்திருக்கேன்."

மாத்திரையால் கண்ணைச் சுற்றி வீங்கும். இரவில் கால் இழுக்கும். மில்லுக்கு விடுப்பு சொல்லியிருந்தவர், நான்காம் மாதம் மறுபடி வேலைக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் எட்டு வீட்டுக் கணக்கு நடந்தது. டவுனுக்குள் இருந்த மூன்று வீடுகள் முதலில் முடிந்தன. அம்மா வெறுங்கையோடு போகமாட்டார். எங்கள் வீட்டுக்கு வந்த ஆப்பிளையும் ஹார்லிக்ஸையும் எடுத்துப்போய், "உங்களுக்கு உடம்பு எப்படி இருக்கு?" என்று விசாரிப்பார். தனக்குச் சர்க்கரை ஏறியிருப்பதை ஒரு பெரியம்மா முதன்முதலாக அம்மாவிடம்தான் சொன்னார். தாடிக்கொம்புப் பக்கம் இரண்டு வீடுகளோடு ஐந்து முடிந்தது.

அப்போது தட்டணுக்கள் குறைந்தன. ஒரு நாள் காலை மூக்கில் இரத்தம் வந்து நிற்கவில்லை. மதுரையில் இரத்தம் ஏற்றினார்கள், மாத்திரையை நிறுத்தினார்கள், பிறகு வேறு மாத்திரைக்கு மாற்றினார்கள். நான்கு மாதம் அட்டவணையில் தூரம் என்ற கட்டம் முழுக்கப் பூஜ்யம். அம்மாவின் கணுக்கால் என் மணிக்கட்டு அளவுக்கு வந்துவிட்டது. மாமா பார்க்க வந்தார்.

"போதும் தாயி. நீ ஜெயிச்சிட்டேன்னே வச்சுக்குவோம்."

"வச்சுக்கிறதெல்லாம் வேணாம்ணே. இன்னும் மூணு வீடு பாக்கி."

மறுபடியும் தெருமுனையிலிருந்து தொடங்கினார். இந்த முறை தெருமுனையைத் தாண்டவே ஐந்து வாரம் பிடித்தது. செம்பட்டியில் இருந்த இரண்டு வீடுகளையும் ஒரே நாளில் முடித்துவிட்டு, வரும்போது எதிர்காற்றில் முடியாமல் வெண்டைக்காய் ஏற்றி வந்த ஒரு குட்டி யானை சரக்கு வண்டியில் சைக்கிளோடு ஏறி வந்தார். "போறதுதான் கணக்கு. வர்றது கணக்குல இல்ல" என்றார். அதையும் எழுதினேன்.

நான் கடைசி ஆண்டு படித்தபோது, பொங்கலுக்கு மறுவாரம், ஒட்டன்சத்திரம் கிளம்பினார். விடியுமுன் எழுந்து பீரோவைத் திறந்து அந்த மயில்கழுத்துச் சேலையை எடுத்தபோது அப்பாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அம்மா கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டி, ஊக்கு குத்தி, சைக்கிளை எடுத்தார். நான் தண்ணீரும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் வைத்துக்கொண்டு ஸ்கூட்டியில் பின்னால் போனேன்.

அந்த ரோடு பார்ப்பதற்குச் சமமாகத் தெரியும். மிதிப்பவருக்குத்தான் அது ஏறிக்கொண்டே போவது தெரியும். கேரளாவுக்குக் காய்கறி ஏற்றிய லாரிகள் எதிரே வந்து கடக்கும்போது சைக்கிள் ஆடும். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு முறை நிறுத்தி, நாடி பார்த்து எழுதினேன். ஊருக்கு ஏழு கிலோமீட்டர் இருக்கும்போது கெண்டைக்கால் இழுத்து, அம்மா ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. நான் காலைப் பிடித்துவிட்டேன்.

"மாமாவுக்குப் போன் பண்ணவாம்மா?"

"பண்ணு."

எடுத்து டயல் செய்தேன்.

"நாலு பேருக்குச் சேத்துச் சோறாக்கச் சொல்லு. பசிக்குது."

அரை மணி நேரம் கழித்து மறுபடி ஏறினார். மாமா தெரு வாசலில் நின்றுகொண்டிருந்தார். அத்தை சேலையை அடையாளம் கண்டு நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

"ஏனுங் அம்மிணி, அதையப் போய்க் கட்டிக்கிட்டு வந்திருக்கறீங்களே!"

"நல்ல துணி மதினி. சாயமே போகல."

மாமா உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, அம்மா குடித்து முடிக்கும் வரை சைக்கிளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இப்பப் பேசலாமாண்ணே, கல்யாணத்தப் பத்தி?"

"நான் என்னத்தப் பேச? நீ சொல்லு தாயி."

"படிப்பு முடியப்போகுது. வேலைக்குப் போவா. கல்யாணம் அவ சொல்றப்ப."

"சரி" என்றார் மாமா.

அதன் பிறகு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அம்மா நம்மோடு இருந்தார். மில் வேலை, மாத்திரை, மாதாமாதம் இரத்தப் பரிசோதனை, சைக்கிள். நான் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்தேன். மூன்று ஆண்டுகள் கழித்து நான் சொன்ன நாளில் நான் சொன்னவரோடு என் கல்யாணம் நடந்தது. மண்டபம் பார்க்கவும், சமையல்காரரோடு சண்டை போடவும் அம்மா சைக்கிளில்தான் போனார். நோய் வந்து வீட்டுக்குள் முடங்கியவர்கள் யாராவது இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் அங்கேயும் போவார். அழமாட்டார், அறிவுரை சொல்லமாட்டார். "இன்னைக்கு எதுவரைக்கும் நடந்தீங்க?" என்று கேட்பார். அட்டவணையில் கடைசி வரிசையின் எண் ஆயிரத்து இருநூற்றுப் பதினெட்டு.

சென்ற ஆண்டு நோயின் போக்கு மாறியது. எந்த மாத்திரையும் கேட்கவில்லை. மதுரை மருத்துவமனையில் மருத்துவர் வெளியே வந்து, தீவிர சிகிச்சைக்கு மாற்றலாமா, வேண்டாமா என்று கேட்டார். வராந்தாவில் நம் உறவினர்கள் பலர் இருந்தோம். வழக்கம்போல எல்லோரும் மூத்தவரான மாமாவைப் பார்த்தார்கள். அப்பாவும் பார்த்தார், நானும்தான்.

மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னைய எதுக்குய்யா பாக்குறீங்க? உள்ளதான இருக்கா? அவளக் கேளுங்க."

மருத்துவர் உள்ளே போய், அம்மாவின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லிக் கேட்டார். அம்மா முழுவதும் கேட்டுக்கொண்டு, இரண்டு கேள்விகள் கேட்டார். பிறகு, "வீட்டுக்குப் போவோம்" என்றார்.

வீட்டில் பன்னிரண்டு நாள் இருந்தார். சோற்றுக்கு என்ன வெஞ்சனம் வைப்பது என்பதிலிருந்து யார் எப்போது வந்து பார்ப்பது என்பது வரை எல்லாவற்றையும் அவரே முடிவு செய்தார். பதின்மூன்றாம் நாள் காலையில், அப்பா கையைப் பிடித்திருக்க, அமைதியாகப் போனார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். ஏழு ஆண்டுகளும் ஒரே பொறுமையோடு பார்த்துக்கொண்ட மருத்துவர்களும் செவிலியர்களும். பெயரும் முகமும் எங்களுக்குத் தெரியாமல் அம்மாவுக்காக இரத்தம் கொடுத்தவர்கள். நிற்காமல் வேலை செய்யக்கூடிய இருக்கையை ஒதுக்கிக் கொடுத்த மில் நண்பர்கள். காசு வாங்காமல் பஞ்சர் ஒட்டிய கடைக்காரர். கடைசிப் பன்னிரண்டு நாளும் முறை வைத்துச் சமைத்துக் கொடுத்த பக்கத்து வீட்டார். அப்பாவைத் தனியாக விடாமல் இன்றுவரை வந்து போகும் அத்தையும் மாமாவும். இறுதிச் சடங்குக்கு வந்து நின்ற நீங்கள் எல்லோரும்.

கடைசியாக ஒரு நன்றி. அம்மாவைப் பற்றி அம்மாவிடமே கேட்டவர்களுக்கு.