சந்தேகக்காரனைக் குழுவுக்குக் கூப்பிட்ட சலீம் நானா

பலாபத்வல சலீம் நானா காலமான செய்தி கடந்த வெள்ளிக்கிழமை வாட்ஸ்அப்பில் வந்தது. அதில் வருவதை நான் நம்புவதில்லை. உறுதிப்படுத்த நானாவின் இலக்கத்துக்கே அழைத்தேன். மகன் எடுத்து, "ஓம் அங்கிள், வாப்பா மவுத்தாகிட்டாங்க" என்றார். இறந்தவரிடமே விசாரித்த புத்திசாலி நான்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். நானா ஹாட்வெயார் கடைக்காரர். எங்கள் அரசாங்க வைத்தியசாலையின் அபிவிருத்திக் குழுவில் பொதுமக்கள் சார்பில் இருந்தவர்.

அப்போது என் மகளுக்கு நாலு வயது, இழுப்பு நோய். எங்கள் ஊரிலிருந்து எல்கடுவ பஸ் போய்ச் சேர்வதற்குள் கிளினிக்கில் இலக்கத் துண்டுகள் தீர்ந்துவிடும். வைத்தியசாலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் முன்கூட்டியே கிளினிக் கொப்பியை வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். பிள்ளை மூச்சுக்குத் தவிக்க, இரண்டு தடவை திரும்பி வந்தோம். அங்கே நோயாளர் வாங்குப் பலகையில் நானா உட்கார்ந்திருப்பார். கையில் கொப்பி இல்லை. எங்கள் பேச்சில் மட்டும் காது. பெரிய டாக்டரின் ஒற்றன் என்று முடிவு கட்டினேன். ஓ.எல் பரீட்சையில் தமிழிலேயே தவறிய நான், பஸ் கதையையும் ஒற்றன் கதையையும் மொட்டைக் கடிதமாக எழுதி முறைப்பாட்டுப் பெட்டியில் போட்டேன். கவனமாக, மகளின் கிளினிக் இலக்கத்தையும் எழுதியிருந்தேன்!

அடுத்த கிளினிக்கில் நானா கடிதத்தோடு என் பக்கத்தில் அமர்ந்தார்.

"நான் ஒட்டுக் கேக்கிறேன்னு எழுதி ஈக்கிறீங்க. உண்மதான். டாக்டர்மாருக்கு முன்னுக்கு நீங்க வாய் தொறக்கிறல்லயே."

"நான் எழுதலிங்க."

"அப்ப மகளா எழுதின? நாலு வயசுல நல்ல கையெழுத்து!"

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"பஸ் விஷயத்த குழுவுல வாசிச்சேன். ஒருத்தரும் நம்பல்ல. நீங்களே வந்து சொல்லுங்க."

"நான் உங்களையே நம்பலிங்களே நானா."

"அதுக்குத்தான் கூப்பிடுறேன். தலையாட்டுற ஆக்கள் அங்க நிறைய ஈக்காங்க."

போனேன். முதல் கூட்டத்தில் தேநீர் மட்டும் குடித்தேன். இரண்டாவதில் பேசினேன். எல்கடுவ பஸ் வரும்வரை ஒரு பகுதித் துண்டுகளை ஒதுக்கி வைக்க முடிவானது. சொன்னபடி நடக்கிறதா என்று கிளினிக் நாள் தவறாமல் நானா கடைசிவரை கவுண்டரில் நின்று பார்த்தார்.

ஜனாஸா அடக்கத்துக்குப் போய்வந்த பிறகும் எனக்கு ஒரே சந்தேகம்: அவர் இல்லையென்றதும் கைவிட்டுவிடுவார்களோ? இந்தச் செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்குப் போய்க் கவுண்டருக்குள் எட்டிப் பார்த்தேன்.

"என்ன அண்ணே, எங்கள நம்பலையா?" என்றார் துண்டு கொடுக்கும் மிஸ்.

"இல்லீங்க மிஸ்."

அவர் முறைத்தபடி ஒதுக்கிய துண்டுக் கட்டை எடுத்துக் காட்டினார். பஸ் வந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கிய கடைசித் தாய்க்கும் துண்டு கிடைக்கும்வரை நின்றேன்.

நிம்மதியாக உறங்குங்கள் நானா. அடுத்த செவ்வாயும் நான் நம்பமாட்டேன்.