நிலவறையில் இருந்த வீடு

நாற்காலியின் கைப்பிடியை உள்ளங்கையால் ஒருமுறை தேய்த்துப் பார்த்துவிட்டு, வில்மினா போஸ்மா அதை அப்படியே கவிழ்த்துப் போடுவார். காப்பிக்கு அழைத்த வீடானாலும் சரி, துக்கம் விசாரிக்கப் போன வீடானாலும் சரி. அடிப்பலகையில் விரல்களை ஓடவிடுவார். காய்ந்துபோன சூயிங்கம் அகப்பட்டால் முகம் மலர்ந்துவிடும். "இதுல புள்ளைங்க உக்காருது. நல்ல நாற்காலி." எதுவும் அகப்படாவிட்டால் கையைத் தட்டிக்கொண்டு, "கடையிலயே இருந்திருக்கலாம்" என்பார். அமெரிக்காவின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் அவருடைய தோழிகள் சிலர், அவர் வருகிறார் என்றால் நாற்காலியை முன்கூட்டியே கவிழ்த்து வைத்துவிடுகிறார்கள்.

வயது அறுபத்தொன்று. கழுத்தில் அளவு நாடா, கோட்டுப் பையில் புதினா மிட்டாய். ஞாயிறு பிரசங்கத்தின் மூன்றாவது தலைப்பு வரும்போது ஒன்றை வாயில் போட்டுக்கொள்வார். பாதிரியார் அதைப் பார்த்தே நேரத்தைத் தெரிந்துகொள்வதாக ஊரில் பேச்சு. கணவர் கெரிட் ஒட்டடைக்கம்புபோல உயரம், பேச்சு மட்டும் குட்டை. இருவரும் மரச்சாமான் வடிவமைப்பவர்கள்; மரம் அவருடையது, துணியும் நிறமும் வில்மினாவுடையது. முப்பத்து நான்கு வருடங்களாக இருவருக்கும் ஒரே மேசை, எதிரெதிர் இருக்கை. கெரிட் வரைவது வில்மினாவுக்குத் தலைகீழாகத்தான் தெரியும். தலைகீழாகவே திருத்துவார். "நேரா பாத்தா அழகுல மயங்கிடுவேன். கவுத்துப் பாத்தாதான் தப்பு தெரியும்" என்பார்.

இத்தனை வீடுகளில் உட்கார இடம் செய்த இந்தத் தம்பதியின் வீட்டில் உட்கார இடம் கிடையாது. எல்லா நாற்காலியிலும் துணி மாதிரிகள் அடுக்கியிருக்கும். கெரிட் மாடிப்படியில் உட்கார்ந்துதான் பத்திரிகை படிக்கிறார்.

ஊரில் அவர்களைப் பற்றிப் பேச்செடுத்தால், பேச்சு 1952-க்குத்தான் போகும். அப்போது இருவரும் டால்மன் என்பவருடைய மரச்சாமான் கம்பெனியில் பதினைந்து வருடம் முடித்திருந்தார்கள். அவர்கள் செய்த எதன்மேலும் அவர்கள் பெயர் இருந்ததில்லை. டால்மன் ஊருக்குக் கிழக்கே மேட்டில் ஒரு மாதிரி வீடு கட்டினார். உள்ளே நூல் முதல் விளக்கு வரை போஸ்மா தம்பதி செய்தது. லொரெய்ன் குபியாக் என்ற பெண்ணையும், பஸ் ஓட்டுநரான அவள் கணவன் எட் என்பவனையும், மூன்று பிள்ளைகளோடு அதில் ஒரு வருடம் வாடகையில்லாமல் குடிவைத்தார். வருட முடிவில் நியூயார்க் பத்திரிகை வந்து படமெடுக்கும். படம் நன்றாக வந்தால் சிகாகோவின் பெரிய கடை எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும். சாமான்களில் போஸ்மா என்ற பெயர் பொறிக்கப்படும். இதுதான் ஏற்பாடு.

திங்கட்கிழமை படப்பிடிப்பு. சனிக்கிழமை இருவரும் பார்க்கப் போனார்கள். கூடத்தில் நீளமான வெள்ளைக் கம்பளி சோபா, கண்ணாடி மேசை, வளைத்த மரத்தில் நான்கு நாற்காலிகள். வைத்துவிட்டுப் போன அன்றுபோலவே இருந்தன.

"பாத்தியா," என்றார் கெரிட். "ஒரு வருஷம். ஒரு கீறல் இல்ல."

வில்மினா சோபாவை முகர்ந்து பார்த்தார். கடை வாசனை அப்படியே இருந்தது.

"லொரெய்ன், நீங்கல்லாம் எங்க இருக்கீங்க?"

"இங்கதாங்க, மிஸஸ் போஸ்மா."

"இங்க யாருமே இருந்ததில்லையே."

லொரெய்னுக்கு முகம் காது வரை சிவந்துவிட்டது. ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு அவர்களை நிலவறைக்கு அழைத்துப் போனாள்.

துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் வீட்டுக்குச் சூடு தரும் உலைக்கும் நடுவில் ஒரு முழு வீடு இருந்தது. பழைய வீட்டிலிருந்து கொண்டுவந்த பழுப்பு சோபா, மேலே ராணுவப் போர்வை. ரெக்சின் விரித்த மேசையில் மூன்று பிள்ளைகளும் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள். சின்ன அடுப்பில் முட்டைக்கோஸும் பன்றி இறைச்சியும் கொதித்தன. ஷூ இல்லாமல் காலுறையோடு படுத்திருந்த எட் பதறி எழுந்தான்.

"மேல எல்லாம் ரொம்ப அழகுங்க," என்றாள் லொரெய்ன். "அதான் பயம். இவரு பஸ்ஸை விட்டுட்டு வந்து அந்த வெள்ளையில எப்படி உக்காருவாரு? பசங்களை மேல போகும்போதே கையைக் கட்டிக்கச் சொல்லிருக்கேன்."

வில்மினா கடைசிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகள் ஒரு வருடமாகக் கை கட்டி நடந்தது தன் துணிக்காக என்பது அவருக்கு அறைந்ததுபோல் இருந்தது.

"இதைப் படம் எடுக்கச் சொல்லணும், கெரிட்."

"திங்கக்கிழமை அவங்க எடுத்துட்டுப் போகட்டும். அப்புறம் பேசிக்கலாம்."

"அப்புறம் ஊர் உலகத்துப் புள்ளைங்க எல்லாம் கையைக் கட்டிக்கும்."

"பதினஞ்சு வருஷமா நம்ம பேருக்காகக் காத்திருக்கோம், வில்மினா."

"ஆமா. அதைக் கொண்டுபோய் அந்த சோபா மேலயா ஒட்டணும்?"

எட்தான் இடையில் புகுந்து, "சார், முதல்ல உக்காருங்க. அந்தப் பக்கம் வேணாம், ஸ்பிரிங் குத்தும்" என்றான். மரியாதைக்கு உட்கார்ந்த கெரிட் முதலில் முதுகைச் சாய்த்தார். பிறகு ஷூவைக் கழற்றினார். கால் மணி நேரத்தில் குறட்டை. வில்மினா அதற்குள் நாடாவை எடுத்து அளக்கத் தொடங்கியிருந்தார். அடுப்பிலிருந்து மேசைக்கு நாலே எட்டில் போய்விடலாம். கிண்டியபடியே மூன்று பிள்ளைகளையும் பார்க்க முடிந்தது. கெரிட் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி, "இந்த சோபா எத்தனை அங்குல உயரம்?"

திங்கட்கிழமை டால்மன் எல்லார் முன்னாலும் கத்தினார். "துணி துவைக்கிற இடத்தையா நியூயார்க்குக்கு அனுப்பச் சொல்றே? மூளை கீளை பிசகிடுச்சா உன் பொண்டாட்டிக்கு?"

"அவ சொல்றதுதான் சரி," என்றார் கெரிட். "மேல இருக்கிறது என் தப்பு. வெள்ளை என் யோசனை."

"பொய்யி," என்றார் வில்மினா. "வெள்ளை என்னோடது. இவரு பச்சைன்னுதான் சொன்னாரு."

யார் தப்பு என்று கணவனும் மனைவியும் போட்டிபோட்டுக் கொண்டிருந்தபோது, படம் பிடிக்க வந்தவர் சிரித்தபடி கீழே இறங்கிப் போய் ஒன்று எடுத்துவைத்துக்கொண்டார்.

பத்திரிகையில் கூடம் முழுப் பக்கத்துக்கு வந்தது. நிலவறை உள்ளங்கை அளவு, ஓரத்தில். சிகாகோ கடை, செய்தவர்களே குறை சொல்லும் சாமான் வேண்டாம் என்று விலகியது. டால்மன் அந்த வாரமே இருவரையும் அனுப்பிவிட்டார். அந்தக் குளிர்காலம் முழுக்க கெரிட் தேவாலய பெஞ்சுகளுக்குக் கால் மாற்றிக் கொடுத்தார். வில்மினா சர்ச் பெண்களுக்குத் திரைச்சீலை தைத்தார். தான் செய்தது சரிதானா என்று அந்த மாதங்களில் அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை என்கிறார் கெரிட். தூக்கத்தில் மட்டும் பல்லை நறநறத்தாராம்.

மார்ச்சில் பத்திரிகை அலுவலகத்திலிருந்து ஒரு கோணி வந்தது. உள்ளே கடிதங்கள். எல்லாம் பெண்கள் எழுதியவை, எல்லாம் அந்தச் சின்னப் படத்தைப் பற்றியவை. அந்த மாதிரி அறையை மேலே கட்ட முடியுமா என்று ஒருத்தி கேட்டிருந்தாள். முடியும் என்று கெரிட் வரையத் தொடங்கினார். சமையலறையை ஒட்டி ஒரு பெரிய அறை, நடுவில் இடுப்பளவு சுவர், ஆறு வயதுக் குழந்தை இழுக்கக்கூடிய நாற்காலி, காப்பி சிந்தினாலும் காட்டிக்கொடுக்காத துணி. பக்கத்து ஊரில் ஒரு சின்னப் பட்டறை அதைச் செய்யத் துணிந்தது. பத்து வருடத்தில் நாட்டின் மேற்குக் கோடியான ஓரிகன் வரைக்கும் வீடு கட்டுபவர்கள் 'போஸ்மா அறை' என்றால் புரிந்துகொண்டார்கள்.

யாராவது புகழ்ந்தால் வில்மினாவுக்குப் பிடிக்காது. "நாங்க என்ன புதுசா கண்டுபிடிச்சோம்? லொரெய்ன் பண்ணி வெச்சிருந்தா. நாங்க அதைப் படியேத்திக் கொண்டாந்தோம்."

போன மாதம் டெட்ராயிட்டில் ஓர் அருங்காட்சியகம் போஸ்மா அறைக்காகச் செய்த முதல் நாற்காலியை மேடையேற்றிச் சுற்றிக் கயிறு கட்டியது. தம்பதிக்கு அழைப்பு. பக்கத்து மண்டபத்தில் அருங்காட்சியக இயக்குநர் அவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க, இருவரும் நழுவி நாற்காலியைப் பார்க்க வந்தார்கள். அங்கே வயதான காவலர் ஒருவர், இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு எடையை மாற்றியபடி நின்றிருந்தார்.

"எவ்வளவு நேரமா நிக்கிறீங்க?" என்றார் வில்மினா.

"காலைல பத்துலேர்ந்துங்க, மேடம்."

வில்மினா கயிற்றின் கொக்கியைக் கழற்றினார். "உக்காருங்க."

"யாரும் உக்காரக் கூடாதுன்னுதான் மேடம் என்னை நிக்க வெச்சிருக்காங்க."

"செஞ்சவங்க நாங்கதான். சும்மா உக்காருங்க."

அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மெதுவாக உட்கார்ந்து, காலை நீட்டினார். கெரிட் கயிற்றை மறுபடி மாட்டினார். கோட்டைச் சரிசெய்துகொண்டு, கைகளைப் பின்னால் கட்டியபடி, காவலர் நின்ற இடத்தில் போய் நின்றார்.